முந்நூறு ரூபாய்க்குள் ஒரு ஹெட்போன்

போன மாதம் ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். திருநெல்வேலிப் பக்கம் ஒரு காது ஆஸ்பத்திரியில், நான் முப்பது வருஷம் பார்த்த அதே வேலையைப் பார்க்கிறவள். "அக்கா, ஆடியோமீட்டர் ஹெட்போன் ஒரு பக்கம் செத்துப்போச்சு. கம்பெனியில கேட்டா விலை ரொம்பச் சொல்லுதாங்க. மேனேஜர், பாட்டு கேக்குற ஹெட்போன் நல்லதாப் பாத்து ஒண்ணு வாங்கி மாட்டிக்கோங்கிறாரு. எது வாங்கலாம் அக்கா?" என்று கேட்டாள்.

நான் அவளைத் திட்டிவிட்டேன். பாவம், அவள் என்ன செய்தாள்? ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறியது. ஒன்றும் மாறவில்லை. அதே கேள்வி, அதே மேனேஜர், அதே சிக்கனம். அவளிடம் பொறுமையாகச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். காது பரிசோதிக்கும் படிப்பை மெட்ராசில் ஒரு வருஷம் படித்தேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஹாஸ்டல் சாப்பாடு மோசம், சொல்லிக்கொடுத்தவர்கள் நல்லவர்கள், அவ்வளவுதான். எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஒரு தனியார் காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். தினமும் டவுன் பஸ்ஸில் போய் வருவேன்.

ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரே ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு கம்பவுண்டர், நான். பின்பக்கம் பழைய ஸ்டோர் ரூமின் நான்கு சுவரிலும் பஞ்சு மெத்தையை ஆணி அடித்து மாட்டியிருந்தது. அதுதான் என் பரிசோதனை அறை. ஆளை உள்ளே உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, ஆடியோமீட்டர் மெஷினில் ஒவ்வொரு சத்தமாக அனுப்புவேன். கனத்த சத்தம், கீச்சென்ற சத்தம் என்று ஏழெட்டு விதம். ஒவ்வொன்றையும் கேட்காத அளவுக்குக் குறைத்துவிட்டு, மெல்ல மெல்லக் கூட்டுவேன். கேட்டதும் அவர் விரலைத் தூக்க வேண்டும். எந்த எண்ணில் தூக்குகிறாரோ அதைத் தாளில் குறிப்பேன். எண் சின்னதாக இருந்தால் காது நல்ல காது. எண் ஏற ஏறச் செவிடு.

மெஷினைவிட ஹெட்போன்தான் முக்கியம் என்பதை வெளியாட்கள் நம்பமாட்டார்கள். அந்த மெஷினுக்கும் அந்த ஹெட்போனுக்கும் ஒன்றாக வைத்து அளவு சரிபார்த்துத்தான் கம்பெனியிலிருந்து அனுப்புவார்கள். வேறொன்றை மாட்டினால், இருபது என்று மெஷின் சொல்வது காதுக்குள் நாற்பதாகப் போகும். கடைக்காரன் தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டுவது மாதிரிதான் அது.

டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. நோயாளியை "வாங்கம்மா", "சொல்லுங்கய்யா" என்றுதான் கூப்பிடுவார். காதுக்குள் வைக்கும் கருவியை நர்ஸிடம் விடாமல் தன் கையாலேயே ஸ்பிரிட்டில் துடைப்பார். சாயங்காலம் எங்கள் எல்லோருக்கும் காப்பி வாங்கிவரச் சொல்வார். முடியாது என்று சொல்ல வேண்டிய இடம் வந்தால் மட்டும் எழுந்து போய்க் கை கழுவுவார். சோப்பை விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, நிதானமாகக் கழுவித் துடைத்துவிட்டு வந்து உட்காரும்போது அந்தப் பேச்சு முடிந்துபோயிருக்கும். கத்துகிறவர்களோடு சண்டை போடலாம். இப்படிப்பட்டவர்களோடு எப்படிப் போடுவது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

நான் சேர்ந்து மூன்று வருஷம் இருக்கும். ஹெட்போனின் வலது பக்கம் வேலை செய்யாமல் போய்விட்டது. இடது பக்கம் மட்டும் நன்றாக இருந்தது. மெட்ராஸ் கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். மெஷினையும் சேர்த்து அனுப்பினால்தான் அளவு சரிபார்த்துப் புதிதாக மாட்டித் தர முடியும், இரண்டாயிரத்துக்கு மேல் ஆகும், மூன்று மாதம் பிடிக்கும் என்று பதில் வந்தது.

டாக்டர் கடிதத்தைப் படித்தார். "எம்புட்டு? ரெண்டாயிரமா? ஒரு ஹெட்போனுக்கா?" என்று சிரித்தார். "மதுரையில இல்லாத ஹெட்போனா? முந்நூறு ரூபா தாரேன். நீங்களே போய் நல்லதாப் பாத்து வாங்கிட்டு வாங்க."

"சார், கடையில விக்கிறது பாட்டு கேக்குறதுக்கு. அளவு வேற மாதிரி வரும்."

அவர் கை கழுவப் போனார்.

ஒரு மாதம் நான் பிடிவாதமாக இருந்தேன். நன்றாக இருந்த இடது பக்கத்தையே மாற்றி மாற்றி இரண்டு காதுக்கும் வைத்துப் பரிசோதித்தேன். ஒரு ஆளுக்கு இரண்டு மடங்கு நேரம் ஆனது. அந்தச் சமயத்தில்தான் ஊரிலிருந்த ஒரு நூல் மில் தன் தொழிலாளர்களை எங்களிடம் அனுப்பிக்கொண்டிருந்தது. காது கேட்கவில்லை, சத்தம் குறைந்த இடத்துக்கு மாற்றுங்கள் என்று யார் கேட்டாலும், ஒரு சீட்டைக் கொடுத்து எங்களிடம் அனுப்புவார்கள். நாங்கள் கொடுக்கும் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் முடிவு. வராண்டாவில் ஆள் சேர்ந்துகொண்டே போனது. வேறு வழியில்லாமல் ஒரு நாள் மெஷினைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன். மெஷின் வைத்த சூட்கேஸ் கனம். மடியில் வைத்தே போனேன்.

டவுன்ஹால் ரோட்டில் ஒரு ரேடியோ கடை. மெஷினில் மாட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன், அமைதியான இடம் வேண்டும் என்றதும் கடைக்காரர், "அமைதியான எடமா? டவுன்ஹால் ரோட்லயா?" என்று சிரித்தார். ஆனாலும் நல்ல மனிதர். அட்டைப்பெட்டிகள் அடுக்கிய பின்னறையில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். ஐந்து ஹெட்போன் எடுத்து வைத்தார்.

முதலாவது, வாக்மேனுக்கு வருகிற பஞ்சு ஒட்டிய சின்ன ஹெட்போன். விலை மலிவு. ஆனால் வெளியே ஹார்ன் அடித்தால் அப்படியே உள்ளே வந்தது. இரண்டாவது பெரியது, கனமானது. கனத்த சத்தத்தை மட்டும் தூக்கிக் கொடுத்தது, கீச்சு சத்தம் சுத்தமாக இல்லை. மூன்றாவதில் இரண்டு காதிலும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தது. யாராவது கைபட்டுத் திருப்பினால் என் கணக்கெல்லாம் போச்சு. அதையும் தள்ளினேன். நான்காவது நன்றாகத்தான் இருந்தது, விலை ஐந்நூறு. ஐந்தாவது, காதை முழுக்க மூடுகிற மெத்தை, தலையை இறுக்கிப் பிடிக்கிற பட்டை, எல்லாச் சத்தமும் தெளிவாக. இருநூற்று எழுபது ரூபாய். என் மெஷினில் இரண்டு காதுக்கும் தனித்தனி ஓட்டை. கடையிலிருந்த மெக்கானிக் வயரை வெட்டி, ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பின் என்று ஈயத்தால் பற்றவைத்துக் கொடுத்தான்.

திரும்பி வரும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கையைக் கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் காலையில் முதலில் என் காதையே பரிசோதித்தேன். பழைய இடது பக்கத்தில் எனக்கு எப்போதும் பத்து. புதிய ஹெட்போனில் மெஷினைக் கடைசிவரை குறைத்தும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. நர்ஸை உட்காரவைத்தேன். கம்பவுண்டரை, டீக்கடைக்காரரை, எங்கள் சர்ச்சில் பாடும் பிள்ளைகளை. பன்னிரண்டு பேருக்குப் பழையதிலும் புதியதிலும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். எல்லோருக்கும் ஒரே மாதிரி வித்தியாசம். புதியது கனத்த சத்தத்தில் பத்து எண் குறைவாகக் காட்டியது, பேச்சுச் சத்தத்தில் பதினைந்து, கீச்சு சத்தத்தில் இருபத்தைந்து. மில் இரைச்சல் முதலில் தின்பது அந்தக் கீச்சு சத்தம் கேட்கும் காதைத்தான்.

ஒரு அட்டையில் பட்டியல் போட்டேன். எந்தச் சத்தத்துக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்று எழுதி மெஷினின் மேல் ஒட்டினேன். டாக்டரிடம் காட்டினேன்.

அவர் அட்டையைப் பொறுமையாக உரித்து எடுத்தார். நான்காக மடித்தார். "எஸ்தரம்மா, மெஷின் என்ன சொல்லுதோ அத எழுதுங்க. நம்ம இஷ்டத்துக்குக் கூட்டி எழுதினா அது பொய் ரிப்போர்ட்டுன்னு மில்லுக்காரங்க கேக்க மாட்டாங்களா?"

"இப்பக் குடுக்கிறதுதான் சார் பொய் ரிப்போர்ட்டு."

மடித்த அட்டையைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு அவர் எழுந்தார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

முதலில் அது கஞ்சத்தனம் என்றுதான் நினைத்தேன். ஆறு மாதத்தில் புரிந்துவிட்டது. எங்களிடம் வருகிற தொழிலாளிகளுக்குக் காது நன்றாக இருக்கிறது என்றே ரிப்போர்ட் போனது. மாற்றல் கேட்டவர்கள் எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். மில்லுக்கு எங்கள் ஆஸ்பத்திரி பிடித்துப்போனது. இன்னொரு மில்லும் ஆள் அனுப்ப ஆரம்பித்தது. டாக்டர் அறைக்கு ஏ.சி. வந்தது. ஹெட்போன் மட்டும் வரவில்லை. நானும் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது என்று காரணம் சொல்லலாம். காரணம்தானே, எல்லோரிடமும் ஒன்று இருக்கும்.

தொண்ணூறுகள் தொடங்கியிருந்த சமயம் செல்லையா வந்தார். நாற்பது வயது இருக்கும். நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷினில் பதினெட்டு வருஷ வேலை. தலையில் பஞ்சுத் தூசி அப்படியே இருந்தது.

"என்ன செய்யுது அண்ணே?"

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேஸ்திரி கூப்ட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்கேன்னு ஏசுதாருமா. திமிருங்காரு. எனக்குக் கேட்டாத்தான திரும்புவேன்? குடோனுக்கு மாத்துங்கன்னு கேட்டேன். இங்க போகச் சொன்னாவ."

தாளால் என் வாயை மறைத்துக்கொண்டு, "வீட்ல எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டேன். அவர் பேசாமல் இருந்தார். மறுபடி கேட்டேன். "என்னமா, எழுதிட்டீயளா?" என்றார்.

மெஷின் காட்டியதைக் குறித்தேன். பேச்சுச் சத்தத்தில் இருபத்தைந்து. அதாவது ஏறக்குறைய நல்ல காது. எனக்கு மனப்பாடமாக இருந்த பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன். நாற்பது. கீச்சு சத்தத்தில் அறுபத்தைந்துக்கு மேல். தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

"சார், இவர ஒருதரம் நீங்களே கூப்பிட்டுப் பாருங்க. பின்னால நின்னு கூப்பிடுங்க. திரும்ப மாட்டார்."

"வேலைக்குப் போகப் பிடிக்காதவங்க திரும்ப மாட்டாங்கம்மா" என்றார் டாக்டர். "மெஷின் என்ன சொல்லுது?"

"இருபத்தஞ்சு."

"அப்ப அத எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். அந்த மனிதர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். செல்லையாவின் மனைவி வெள்ளத்தாய். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறாள். செல்லையா பின்னால் தள்ளி நின்றார்.

"ஏட்டி, நீதான காது டெஸ்ட் பண்ணுதவ?" என்றாள் எடுத்த எடுப்பில். "எம் புருசன் காது நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்தவ நீதான? அவியகிட்ட ஒருதடவ பேசிப் பாத்திருப்பியா? நான் அடுப்படியிலிருந்து தொண்ட கிழியக் கத்துதேன், அவிய முத்தத்துல உக்காந்துக்கிட்டு ஒண்ணும் தெரியாம இருக்காவ. இது ஒனக்கு நல்ல காதா?"

நடந்தது இதுதான். மில்லில் ரிங் ஃபிரேம் மெஷினின் ஒரு கோடியில் ஃபிட்டர் கை விட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சுவிட்சைப் போடாதே என்று மேஸ்திரி மூன்று முறை கத்தியிருக்கிறார். செல்லையாவுக்குக் கேட்கவில்லை. சுவிட்சைப் போட்டுவிட்டார். ஃபிட்டருக்கு இரண்டு விரல் போய்விட்டது. வேண்டுமென்றே உத்தரவை மீறினார் என்று செல்லையாவை விசாரித்தார்கள். எனக்குக் காது கேட்காது என்று அவர் சொன்னபோது, என் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டை எடுத்து நீட்டியிருக்கிறார்கள். வேலை போய்விட்டது.

"வேல போனாக்கூடப் பரவால்லமா" என்றார் செல்லையா, தனக்குக் கேட்காததால் தேவைக்கு மேல் உரக்க. "வேணும்னே அவன் கையச் சிதைச்சேன்னு எழுதிட்டானுவ. அவன் எங்கூட ஒண்ணா வேலைக்குச் சேந்தவன்."

எனக்கு வந்த கோபத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. டாக்டர் மீதா, மில் மீதா, அந்த ஐந்தாவது ஹெட்போனைப் பார்த்துப் பார்த்து வாங்கிய என் மீதா? அவரைக் குடோனுக்கு மாற்றியிருந்தால் அந்த ஃபிட்டரின் விரல் இருந்திருக்கும். அன்றைக்கு நான் சர்ச்சுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிச் சாவி ஒன்று என்னிடம் இருந்தது. அவர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன்.

பழைய ஹெட்போனை நான் தூக்கிப் போட்டிருக்கவில்லை. அதன் இடது பக்கத்தை மாற்றி மாற்றி வைத்து, செல்லையாவின் இரண்டு காதையும் மறுபடி பரிசோதித்தேன். நாற்பது. நாற்பத்தைந்து. கீச்சு சத்தத்தில் எழுபது. வெள்ளைத் தாளில் எழுதி, எந்த ஹெட்போனில் எடுத்தது, முந்தியது ஏன் தப்பு என்று விளக்கி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"இத வச்சு ஜெயிச்சிரலாமா?" என்று கேட்டாள் வெள்ளத்தாய்.

"தெரியல. ஆனா எங்க வரச் சொன்னாலும் வாரேன்."

வழக்கு மதுரையில் தொழிலாளர் கோர்ட்டில் நடந்தது. என்னைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினார்கள். மில் வக்கீல் இரண்டு தாளையும் என் முன்னால் நீட்டினார்.

"ரெண்டுலயும் உங்க கையெழுத்துதானா?"

"ஆமா."

"ஒண்ணு காது நல்லாருக்குன்னு சொல்லுது. ஒண்ணு இல்லங்குது. எது பொய்?"

"முதல் ரிப்போர்ட்டுதான் பொய்."

"பொய்னு எப்பத் தெரிஞ்சுது?"

இங்கே நான் தப்பித்திருக்கலாம். பிறகுதான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். செல்லையாவின் வக்கீலே அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்.

"கையெழுத்துப் போடும்போதே தெரியும்" என்றேன்.

வக்கீல் நீதிபதியைப் பார்த்துத் திரும்பி, "தெரிந்தே பொய் எழுதிய சாட்சியை நம்ப முடியுமா?" என்றார். நீதிபதியும் நம்பவில்லை. என் இரண்டு தாளையும் ஒதுக்கிவைத்துவிட்டு, செல்லையாவை மதுரை அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதிக்க உத்தரவிட்டார். அங்கே வந்த அளவும் நான் ஞாயிற்றுக்கிழமை எடுத்த அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. தீர்ப்பு வர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. வேண்டுமென்று செய்ததல்ல என்று எழுதி, செல்லையாவுக்கு வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். பஞ்சு குடோனில் போட்டார்கள். அவர் காது திரும்பவில்லை. ஃபிட்டரின் விரலும் திரும்பவில்லை.

நான் சாட்சி சொன்ன மறுநாள் டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். காப்பி வரவழைத்தார். "எஸ்தரம்மா, நாளையிலிருந்து நீங்க சிரமப்பட்டு வர வேண்டாம்" என்றார். அதற்கும் குரல் உயரவில்லை. நான் காப்பியைத் தொடாமல் எழுந்து வந்தேன். பத்து நாளில் அவர் புது ஹெட்போன் மாட்டுவதற்காக மெஷினை மெட்ராசுக்கு அனுப்பிவிட்டதாக நர்ஸ் சொன்னாள். நான் கெஞ்சியபோது இல்லாத பணம், கோர்ட்டில் பெயர் அடிபட்டதும் பத்தே நாளில் வந்துவிட்டது. அதற்காகத்தான் அவரை நான் மன்னிக்கவே இல்லை. அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கடைசிவரை நல்ல டாக்டர் என்ற பெயரோடுதான் இருந்தார்.

எனக்குச் சிவகாசியில் வேறொரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கேதான். ஆனால் மற்றவர்கள்? அந்த ஹெட்போனில் நான் பரிசோதித்து அனுப்பிய மில் தொழிலாளி செல்லையா ஒருவர்தானா? பேர் பேராக எனக்கு ஞாபகம் இருந்தது. செல்லையாவிடம் சொன்னேன். அவர் வீடு வீடாக வழி காட்டினார். பல ஞாயிற்றுக்கிழமைகள் நான் ராஜபாளையத்துத் தெருக்களில் நடந்தேன். உங்கள் ரிப்போர்ட் தப்பு, அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் மறுபடி பாருங்கள் என்று சொல்வதற்கு. சிலர் மோர் கொடுத்தார்கள். ஒருவர் கதவைச் சாத்தினார். சிலர் அதற்குள் வேலையை விட்டிருந்தார்கள்.

சுப்பையா என்று ஒருவர். வீட்டு வாசலில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று சொன்னேன். அவர் நிமிரவில்லை. தோளைத் தொட்டதும் திரும்பினார்.

"அண்ணே, உங்க காது ரிப்போர்ட்டு தப்பு."

"என்னது?"

"ரிப்போர்ட்டு தப்புண்ணே!"

அவர் கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு முகத்தைக் கிட்டே கொண்டுவந்தார். நான் அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். "உங்களுக்குக் காது கேக்காதுன்னு எனக்கு அப்பவே தெரியும்! தெரிஞ்சேதான் நான் பொய் ரிப்போர்ட்டு எழுதினேன்!"

எதிர் வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர்க் குழாயில் நின்றவர்கள் திரும்பினார்கள். தெருவுக்கே கேட்டுவிட்டது. சுப்பையாவுக்கும் கேட்டது. பஞ்சர் ஒட்டிய டியூபைக் கீழே வைத்துவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இத அன்னைக்கே இப்பிடிச் சத்தமாச் சொல்லியிருக்கலாம்லமா?" என்றார்.